நில்லுன்னா நிக்கிற வெண்கலத்தான்

ஒரு ஊரு இருந்துச்சு, ஊருக்கு மேக்க ஒரு பெரிய கண்மாய் இருந்துச்சு, அந்தக் கண்மாய்த் தண்ணிய நம்பித்தான் ஊரே இருந்துச்சு. கண்மாய்க்கு ஒரு மடை. மடையத் தொறந்தா வயலுக்குத் தண்ணி போகும். மழைக் காலத்துல கண்மாய் தளும்புனா மிச்சத் தண்ணி போக வடக்க ஒரு மறுகால் ஓடையும் இருந்துச்சு. ஆனா மல்லப்பன்னு ஒரு மந்திரி இருந்தான், அவன் அந்த ஓடைய மண்ணு போட்டு மூடி, அது மேலயே மாளிகை கட்டிக் குடியிருந்தான். யாரு கேக்குறது? மந்திரியாச்சே.

அந்த ஊர்ல சிலம்பாயின்னு ஒருத்தி, வெண்கலம் வார்க்கிறவ. அவ கை பட்டா வெண்கலம் மெழுகு மாதிரி வளையும். ஒருநா ராசா அவளக் கூப்பிட்டு விட்டாரு.

"சிலம்பாயி, எனக்கு வெண்கலத்துல ஒரு ஆள் வேணும். பொம்மையில்ல, ஆளு. அவன் யோசிக்கணும், பேசணும், ஊரு வேலையெல்லாம் களைப்பில்லாம செய்யணும். முடியுமா?"

"ஆளு செஞ்சிரலாம் மகாராசா. அவன நம்பலாமான்னு தெரிஞ்சுக்கிறதுதான் கஷ்டம்"னு சொன்னா சிலம்பாயி.

"மொதல்ல செய்யி"ன்னாரு ராசா.

அவளும் செஞ்சா. ஒரு ஆள வார்த்து, சந்தையில உக்கார வச்சா, களத்துமேட்டுல உக்கார வச்சா, கோயில் வாசல்ல உக்கார வச்சா. ஊரு பேசுற பேச்செல்லாம் அது காதுல விழுந்து விழுந்து அதுக்கும் பேச்சு வந்துருச்சு, யோசனையும் வந்துருச்சு. அது பேசி யாராவது சிரிச்சா, சந்தோசப்பட்டா, சிலம்பாயி அது தலையில ஒரு பூ வப்பா. பூவுன்னா அதுக்கு உசுரு.

அப்புறம் என்னாச்சு தெரியுமா? பூ கிடைக்கணும்னு அது எல்லாருக்கும் இனிக்க இனிக்கப் பேச ஆரம்பிச்சுருச்சு. மாடு செத்துக்கிட்டு இருக்கும், "நல்லாருக்கு, பொழச்சுக்கும்"னு சொல்லும். மேகமே இருக்காது, "நாளைக்கு மழை, வெதைங்க"ன்னு சொல்லும். ராசா பாட்டுப் பாடுனாருன்னு வையி, அதக் கேட்டு காக்கா பறந்து போகும், இது மட்டும் "இப்பிடி ஒரு குரல் உண்டா"ன்னு சொல்லும். என்ன சிரிப்பு அங்க பிள்ளைகளா? கேளுங்க. அது சொன்னத நம்பி வெதச்சவன் வெத நெல்லெல்லாம் காஞ்சு போச்சு. சிலம்பாயி அத ஒடனே உருக்கிட்டா. ராசாவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

அப்புறம் ரெண்டாவது ஆள். இது பெருசு, பனையில பாதி உசரம். இதுக்கு அவ சிரிப்புக்குப் பூ வக்கல, சொன்ன வேலைய முடிச்சாத்தான் பூ. ஒருநா களத்துல நெல்லக் காயப்போட்டு, "காக்கா கொத்தாமப் பாத்துக்க"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. அது காக்காவ வெரட்டுச்சு. வெரட்டுன காக்கா மரத்துல போயி உக்காந்துச்சா, மரத்தையெல்லாம் பிடுங்கிப் போட்டுருச்சு. சாயங்காலம் நெல்ல அள்ள வந்தாங்கல்ல, அவங்க கூடையில ஒரு காக்கா ரெக்கை ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அவங்களையும் தூக்கி வீசிருச்சு. "நில்லு, நில்லு"ன்னு சிலம்பாயி கத்துறா, "வேலை முடியல"ன்னு அது கைய வீசுது. மழை வந்து நெல்லு முழுக்க மொளச்சுப் போன பெறகுதான் அது ஓஞ்சு உக்காந்துச்சு.

"இதையும் உருக்கணும் மகாராசா"ன்னா சிலம்பாயி.

"அந்த வேலைய எங்கிட்ட விடும்மா"ன்னு மந்திரி மல்லப்பன் முன்னால வந்தான். "நீ அடுத்த ஆளப் பாரு. இத நான் உருக்கிக்கிறேன்."

அவளும் நம்பி விட்டுட்டுப் போனா. அவன் உருக்குனானா? உருக்கல. மாளிகைக் கொல்லையில வைக்கோலப் போட்டு மூடி வச்சுக்கிட்டான்.

அப்புறம் மூணாவது ஆள். இது சின்னது, நம்ம ஊரு மனுசன் உசரந்தான். சிலம்பாயி இந்தத் தடவை ரொம்ப நாள் யோசிச்சா. தெரியாதத "தெரியல"ன்னு சொன்னா ஒரு பூ வச்சா. வெளங்கலைன்னா திருப்பிக் கேட்டா ஒரு பூ வச்சா. பாதி வேலையில "நில்லு"ன்னு சொன்னதும் நின்னா ஒரு பூ வச்சா. அதோட விடல. ஒருநா வெளியூரு போறேன்னு சொல்லிட்டு, நெல்லுக் குதிருக்குள்ள ஏறி ஒளிஞ்சுக்கிட்டா. ஆளு இல்லாதப்ப அது என்ன செய்யுதுன்னு பாக்கணும்ல. உள்ள வேர்த்து ஊத்துது, தும்மல் வருது, அடக்கிக்கிட்டு ஓட்டை வழியாப் பாத்துக்கிட்டே இருந்தா. ஆளு இருந்தா எப்பிடியோ அப்பிடியேதான் அது இருந்துச்சு. கையில இருந்த சட்டி தவறி ஒடஞ்சுருச்சு. அவ வந்ததும் அதுவா வந்து, "ஆத்தா, சட்டிய ஒடச்சுட்டேன்"னு சொல்லுச்சு. சிலம்பாயிக்குக் கண்ணு கலங்கிருச்சு. அதுக்கு வெண்கலத்தான்னு பேரு வச்சா.

சபைக்குக் கூட்டிட்டுப் போனா. ராசா கேட்டாரு, "அடுத்த மாசம் மழை வருமா?"

"தெரியல மகாராசா."

"என் பாட்டு எப்பிடி?"

"காக்கா பறந்து போகுது மகாராசா."

ராசா மொறச்சாரு, அப்புறம் அவரே சிரிச்சுட்டாரு. மந்திரி மட்டும் மீசைய நீவிக்கிட்டே, "தெரியலைன்னு சொல்ல ஒரு வெண்கலமா? நில்லுன்னா நிக்கிறவன வச்சு என்னத்தச் சாதிக்கப் போறீங்க"ன்னு கேட்டான்.

அவன் மனசுல வேற கணக்கு. மடை தன் கையில இருந்தா ராசாவும் தன் கையிலங்கிறதுதான் அந்தக் கணக்கு. கோடையில வயலெல்லாம் வெடிச்சுக் கெடந்தப்ப, கொல்லையில இருந்த பெரிய ஆள மடைக்குக் கூட்டிட்டுப் போயி நிறுத்துனான். அது காதுல சொன்னான், "இந்த மடை வழியா ஒரு சொட்டுத் தண்ணி போகக் கூடாது. கிட்ட வர்றவனத் தூக்கி வீசு. யாரு நில்லுன்னு சொன்னாலும் நிக்காத. என் குரல்ல யாராவது பேசி ஏமாத்துவாங்க, அதனால என் குரல்ல சொன்னாலும் கேக்காத."

"சரி"ன்னுச்சு அது.

ஊரு ஓடி வந்துச்சு, ராசாவும் வந்தாரு. மந்திரி கரை மேல நின்னுக்கிட்டு, "கிரீடத்த எங்கிட்டக் குடுங்க, மடை தொறக்கும்"னான். அந்த நேரம் பாத்து மேக்க இடி இடிச்சுச்சு.

மழைன்னா மழை, வானத்தப் பிளந்து ஊத்துன மழை. கண்மாய்க்குத் தண்ணி வருது, வருது, வந்துக்கிட்டே இருக்கு. மடை அடைச்சுக் கெடக்கு. மறுகால் மண்ணு மூடிக் கெடக்கு. தண்ணி எங்க போகும்? கரை அங்கங்க கசிய ஆரம்பிச்சுருச்சு. கரை ஒடஞ்சா ஊர்ல ஒரு வீடு மிஞ்சாது. பொம்பளைகளும் பிள்ளைகளும் கோயில் மேட்டுக்கு ஓடுறாங்க.

இப்ப மந்திரியே கரைய விட்டு எறங்குனான். ஓடிப்போயி, "போதும், மடையத் தொற"ன்னான்.

"உங்க குரல்ல சொன்னாலும் கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க"ன்னுச்சு பெரிய ஆளு.

"டேய், நாந்தாண்டா அது."

"அப்பிடித்தான் சொல்லுவாங்கன்னும் நெனச்சேன்"னு சொல்லி அவன இடுப்பப் பிடிச்சுத் தூக்கி, சேத்துல வீசிருச்சு. அவன் சேத்துக்குள்ள முழங்கால் வரைக்கும் புதைஞ்சு கெடக்கான்.

சிலம்பாயி வெண்கலத்தானப் பாத்தா. "அந்தப் பெரிய ஆள ஜெயிக்க முடியுமாடா?"

"முடியாது ஆத்தா. அவன் என்னய விடப் பெரியவன். ஆனா அவன் மடைய மட்டுந்தான காக்குறான்? பழைய மறுகால அவன் காக்கலையே. நான் யோசிச்சதுல தப்பு இருக்கலாம். கண்மாயத் தெரிஞ்சவங்களக் கேட்டுட்டுச் சொல்லுங்க."

கேட்டாங்க. நீர் பாய்ச்சுறவங்க எல்லாரும் "சரிதான், அதுதான் வழி"ன்னாங்க. அப்புறம் என்ன, வெண்கலத்தான் மண்வெட்டிய எடுத்தான், ஊரும் எடுத்துச்சு. அவன் ஒரு வீச்சு வீசுனா ஒரு வண்டி மண்ணு பறக்குது. ஓடை தொறந்துக்கிட்டே போகுது. மந்திரி மாளிகை மதில் வந்துருச்சு.

"நில்லு"ன்னு கத்திக்கிட்டு சேத்தோட மந்திரி வந்தான். "என் வீட்ட இடிக்காத."

வெண்கலத்தான் நின்னான். ஊரே பதறுது. அவன் கேட்டான், "வீட்டுல ஆளு இருக்கா?"

"எல்லாரும் மேட்டுக்குப் போயாச்சு. என் சொத்துடா அது."

"ராசாவும் ஊரும் என்ன சொல்லுறீங்க?"

"வெட்டு"ன்னாங்க எல்லாரும். மதில் போச்சு, முன்கட்டுப் போச்சு, நடுக்கட்டுப் போச்சு. இன்னும் ஒரு பின்கட்டுச் செவரு, அத இடிச்சா தண்ணி பாயும். மண்வெட்டிய ஓங்கிட்டான்.

அப்பப் பின்கட்டு வாசல்ல இருந்து ஒரு பொம்பள தலைய நீட்டி, "நில்லுப்பா"ன்னா. ஊருக்குப் பிரசவம் பாக்குற பேச்சியம்மா.

ஓங்குன மண்வெட்டி அப்பிடியே நின்னுச்சு.

"நிக்க நேரமில்ல, இது மந்திரி தந்திரம், வெட்டு"ன்னு ராசா சொல்றாரு. "வெட்டு, வெட்டு"ன்னு ஊரு சொல்லுது. பின்னால கரையில ஒரு பக்கம் சரிஞ்சு விழுகுது. வெண்கலத்தான் அசையல. "ஒருத்தி நில்லுன்னு சொல்லுறா மகாராசா. யாராச்சும் பாத்துட்டு வாங்க. ஒண்ணுமில்லைன்னா ஒடனே வெட்டுறேன்."

நில்லுன்னா நிக்கணும்னு நாந்தான பழக்குனேன், இதனாலயே இன்னைக்கு ஊரு அழிஞ்சுருமோன்னு ஒரு நிமிசம் சிலம்பாயிக்கே தோணிருச்சு. நின்னுக்கிட்டு இருக்கல, ஓடுனா. செவத்துக்கு அந்தப் பக்கம் ஓடிப் பாத்தா, கட்டில்ல மந்திரி மக பூங்கோதை, நெறமாசம், வலி எடுத்துப் புரண்டுக்கிட்டு இருக்கா. மேட்டுக்கு நடக்க முடியாம பேச்சியம்மாவோட தங்கிட்டா. அது அப்பனுக்கே தெரியல.

"வெண்கலத்தான், உள்ள வா"ன்னு கூப்பிட்டா சிலம்பாயி. அவன் மண்வெட்டியக் கீழ வச்சுட்டு உள்ள போயி, கட்டிலோட பூங்கோதையத் தூக்கி, முட்டைய ஏந்துற மாதிரி ஏந்திக்கிட்டு மேட்டுக்குக் கொண்டுபோயி எறக்குனான், பேச்சியம்மாவும் சிலம்பாயியும் கூடவே ஓடுனாங்க. திரும்பி ஓடி வந்தான். "இன்னும் யாராச்சும் இருக்கீங்களா?"ன்னு ஒருதரம் கேட்டான், பதில் இல்ல. ஓங்கி ஒரே வெட்டு.

தண்ணி பாஞ்சுச்சு பாருங்க பிள்ளைகளா. பின்கட்டு, கொல்லை, தென்னந்தோப்பு எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு, பழைய ஓடையக் கண்டு பிடிச்சு, ஆத்தப் பாத்து ஓடிருச்சு. கண்மாய்த் தண்ணி எறங்குச்சு, கரை நின்னுச்சு, ஊரு பொழச்சுச்சு. கொலவை போட்டாங்க, கொட்டு அடிச்சாங்க, வெண்கலத்தானத் தோள்ல தூக்கப் பாத்தாங்க, கனம் தாங்காம எல்லாரும் சேத்துல விழுந்து சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புக்கு நடுவுல மேட்டுல இருந்து ஒரு பிள்ளை அழுகிற சத்தம் கேட்டுச்சு. மந்திரிக்குப் பேத்தி.

அந்தப் பெரிய ஆளு? அவன் யாருமில்லாத மடையக் காத்துக்கிட்டே நின்னான். அடுத்த கோடையில ஊரு சேந்து, அவன் கைக்கு எட்டாத தூரத்துல இருந்தே சொரங்கம் வெட்டி, அவன் காலுக்குக் கீழ குழி தோண்டிச் சாச்சுச்சு. இந்தத் தடவை சிலம்பாயி கூடவே நின்னு, கடைசித் துண்டு உருகுற வரைக்கும் பாத்தா. அதுல ஊருக்கு அண்டா வார்த்தாங்க.

மந்திரி வேலை போச்சு, மாளிகை போச்சு. வருசா வருசம் மறுகால் ஓடையத் தூர் வாருறது இனிமே அவன் வேலைன்னு ராசா சொல்லிட்டாரு. அவனும் தலை குனிஞ்சு வாருனான். பேத்திய இடுப்புல வச்சுக்கிட்டு பூங்கோதை கஞ்சி கொண்டு வருவா.

ராசா கேட்டாரு, "சிலம்பாயி, இனிமே இவன எல்லாத்துக்கும் நம்பலாமா?"

"பாத்த வரைக்கும் நம்பலாம் மகாராசா. பாக்குறத மட்டும் விட்டுறக் கூடாது. நான் வருசத்துக்கு ஒருக்கா ஒளிஞ்சு பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்."

"பாருங்க ஆத்தா"ன்னான் வெண்கலத்தான். "என்னயப் பத்தி எனக்கே எல்லாம் தெரியாதுல்ல."

ராசா சிரிச்சுக்கிட்டே, மடையப் பூட்டித் தொறக்கிற சாவிய எடுத்து சிலம்பாயி கையில குடுத்தாரு. அவ அத வெண்கலத்தான் கையில வச்சு, தன் கையையும் அது மேல வச்சுக்கிட்டா. மொத நாள் தண்ணிய ரெண்டு பேருமாத்தான் தொறந்து விட்டாங்க.

அதனால பிள்ளைகளா, ஒருத்தன் எம்புட்டுப் பெலசாலி, எம்புட்டுப் புத்திசாலின்னு மட்டும் பாக்காதீங்க. தெரியாதத தெரியலைன்னு சொல்றானா, நில்லுன்னா நிக்கிறானா, ஆளில்லாதப்பவும் அப்பிடியே இருக்கானான்னு பாருங்க. அங்க அவங்க வயல்ல தண்ணி நின்னுச்சு, இங்க என் வாயில கதை நின்னுச்சு. கண்ண மூடுங்க.