எருமையின் காதில் ஓர் உண்ணி

புல்லுக்கும் சேற்றுக்கும் பஞ்சமில்லாத ஒரு காட்டில் ஓர் எருமை தன் கன்றோடு வாழ்ந்துவந்தது. நல்ல எருமைதான். ஆனால் யாராவது இரண்டு வார்த்தை இனிக்கப் பேசினால் போதும், உருகிவிடும்.

தினமும் காலையில் ஒரு வெள்ளைக் கொக்கு வந்து அதன் முதுகில் உட்காரும். ஈயையும் பூச்சியையும் கொத்தித் தின்னும். பொழுது சாய்ந்தால் தன் மரத்துக்குப் பறந்துவிடும். அதிகம் பேசாது.

ஒருநாள் எருமையின் காதுக்குப் பின்னால் ஓர் உண்ணி ஏறிக்கொண்டது. ஆள் கடுகளவு, பேச்சு மட்டும் மலையளவு.

"அக்கா, உன்மேல் எனக்கு எவ்வளவு பாசம் தெரியுமா? வெயிலோ மழையோ, உன்னை விட்டுப் பிரியவே மாட்டேன். அந்தக் கொக்கைப் பார், பொழுது சாய்ந்ததும் கிளம்பிவிடுகிறது."

எருமைக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் கொக்கு காதருகே அலகை நீட்டியதும் எருமை தலையை உதறியது.

"என் தம்பியைத் தொடாதே. பாசம் என்றால் என்னவென்று அவனிடம் கற்றுக்கொள். இனி என் முதுகில் உட்காராதே."

கொக்கு பக்கத்து மேட்டில் போய் நின்றுகொண்டது.

"அக்கா, என் சொந்தக்காரர்களுக்கும் உன்மேல் பாசம்தான்" என்றது உண்ணி. அவர்களும் வந்தார்கள். காது, கழுத்து, மடி என்று ஓர் இடம் பாக்கியில்லை. ஒவ்வொருவரும் ஆமணக்கு விதை மாதிரி பருத்தார்கள். எருமை மெலிந்தது. கன்று முட்டி முட்டிப் பார்த்தும் பால் சுரக்கவில்லை.

"அம்மா, பசிக்கிறது" என்று கன்று அழுதது.

மேட்டிலிருந்து கொக்கு சொன்னது: "அக்கா, ஒன்றே ஒன்று கேட்டுப் பார். கன்றுக்குப் பால் சுரக்கும் வரை அவர்களைக் கீழே இறங்கி இருக்கச் சொல்."

எருமை கேட்டது. "தம்பி, பிள்ளை பசியில் துடிக்கிறது. இரண்டு நாள் மட்டும் புல்லில் இருக்கிறீர்களா?"

"நன்றாயிருக்கிறதே நியாயம். இறங்கினால் எங்கள் பசிக்கு யார் பதில் சொல்வது?" என்றது உண்ணி. கன்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எருமைக்கு வெட்கமாக இருந்தது. பிறகு காதை மடக்கிக் காட்டி, "கொக்குத் தம்பி, இங்கேதான்" என்றது.

அன்று கொக்குக்கு விருந்து.

சில நாளில் மடி நிறைந்தது. கன்று வாலைத் தூக்கிக்கொண்டு காடெல்லாம் துள்ளியது. பொழுது சாய்ந்ததும் கொக்கு தன் மரத்துக்குக் கிளம்பியது. எருமை தடுக்கவில்லை. காலையில் வரும் என்று அதற்குத் தெரியும்.

நீதி: விடாமல் ஒட்டிக்கொண்டிருப்பது பாசம் ஆகாது, நம் நன்மைக்காக விலகி நிற்கவும் சம்மதிப்பதே பாசம்.