கும்பிட்ட சம்மனசை வெளியேற்றிய கதை

ஏகாம்பரம், சவரிமுத்து, தங்கப்பழம் மூவரும் எங்கள் ஊர் அரசு அருங்காட்சியகத்துக் காவலர்கள். சொன்ன சொல்லைத் தட்டாத தங்கமான மனுஷர்கள். அதுதான் தொல்லையே.

பழைய தேவாலயம் ஒன்றிலிருந்து மரத்தாலான சம்மனசுச் சிலை வந்திருந்தது. முட்டி போட்டு, கை கூப்பிய தேவதூதர். காப்பாட்சியர் சுகந்தி மேடம் பங்குச் சாமியாரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தது. "மரியாதைக் குறைவா ஏதாவது நடந்தா, அன்னைக்கே திருப்பி எடுத்துட்டுப் போயிடுவோம்" என்று சொல்லித்தான் சாமியார் கொடுத்தார்.

சிலைத் திறப்பு விழாவன்று காலையில் மேடம் காவலர்களை அழைத்தார்.

"இது கோயிலும் இல்ல, சர்ச்சும் இல்ல. எல்லாருக்கும் பொதுவான இடம். உள்ளே யாரும் கும்பிடக் கூடாது. கும்பிட்டா, யாரா இருந்தாலும் மரியாதையா வெளியே அனுப்பிடுங்க."

சொல்லிவிட்டுக் கலெக்டரை அழைத்துவரப் போய்விட்டார்.

மூவரும் கண்ணும் கருத்துமாகச் சுற்றிவந்தார்கள். சம்மனசின் முன்னால் சவரிமுத்து திடுக்கிட்டு நின்றார்.

"அண்ணே, இவரே கும்பிடுறாரு!"

"கூடாதுன்னு சொல்லு" என்றார் ஏகாம்பரம்.

"சொல்லிட்டேன். காதுலயே வாங்கல."

"வேற பக்கம் திருப்பி வச்சா மறந்துடுவாரு" என்றார் தங்கப்பழம்.

திருப்பினார்கள். அந்தப் பக்கம் பஞ்சு அடைத்த முதலை இருந்தது.

"ஐயையோ, முதலையக் கும்பிடுறாரே! இது அதைவிட மோசம்!"

வேறு வழியில்லை. "கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லி, மூவருமாகத் தூக்கிப் போய் வாசல் புங்கமரத்தடியில் விட்டார்கள். மரியாதையாக அனுப்பச் சொல்லியிருந்தார் அல்லவா, தலைக்கு மேல் குடையும் விரித்து வைத்தார்கள்.

கலெக்டரோடு வந்து இறங்கிய மேடத்துக்கு மூச்சே நின்றுவிட்டது. கூட வந்த சாமியாரின் முகம் சிவந்தது.

"வண்டியைக் கூப்பிடுங்க. இப்பவே எடுத்துட்டுப் போறேன்."

பாவம் மேடம், அழாத குறை. இதற்குள் கலெக்டர் கை கூப்பியபடி உள்ளே நுழைந்துவிட்டார். ஏகாம்பரம் வழிமறித்தார்.

"உள்ளே கும்பிடக் கூடாதுங்க. வெளியே போங்க."

"யோவ், நான் கும்பிடலய்யா! உங்களுக்கு வணக்கம் சொல்றேன்!"

மூவர் முகமும் வெளிறிப் போனது.

"அப்போ, காலைலேருந்து அவரும் நமக்கு வணக்கம்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரா?"

"அதுவும் முட்டி போட்டு!"

"நாம பதிலுக்கு ஒரு வணக்கம் சொல்லலியே!"

ஓடினார்கள். சம்மனசைச் சுமந்துவந்து பீடத்தில் வைத்து, எதிரே முட்டி போட்டுக் கை கூப்பினார்கள்.

சாமியார் உருகிப்போனார். "இவ்வளவு பக்திய எங்க சர்ச்சுலயே நான் பார்த்ததில்ல. சிலை இங்கேயே இருக்கட்டும்!"

மேடத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குனிந்து கிசுகிசுத்தார்.

"போதும்யா. கைய இறக்குங்க."

"எப்படி மேடம்?" என்றார் ஏகாம்பரம். "அவரு பெரியவரு. முதல்ல அவரு இறக்கட்டும்."

அன்று மத்தியானம் மூவருக்கும் மேடம்தான் சோறு ஊட்டிவிட்டார்.