ஒரு லென்ஸ், இரண்டு கேமரா, காலில் பட்டை கட்டிய பறவை

கதை சின்னதுதான். தீர்ப்பு சொல்வது மட்டும் உங்கள் வேலை.

நாகர்கோவிலில் சஜின், பெனிஷா என்று ஒரு தம்பதி. அவன் மின்வாரியத்தில் வேலை பார்த்தான். அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடுமுறை கிடைத்தால் போதும், இருவரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு மணக்குடிக் கழிமுகத்துக்குப் பறவை பார்க்கப் போய்விடுவார்கள். ஒருநாள் ஷட்டர் உடைந்து அந்தக் கேமரா உயிரை விட்டது. புதிது வாங்க வேண்டும். வாங்கினால் ஒன்றுதான் வாங்க முடியும். அதை வைத்துத்தான் இன்னும் பல வருடம் ஓட்டியாக வேண்டும்.

சண்டை அங்கே தொடங்கியது. சஜினுக்கு ஃபுல் ஃபிரேம் மேல் ஆசை. படம் பதிகிற சென்சார் பெரியது, மங்கலான வெளிச்சத்திலும் படம் சுத்தமாக வரும் என்றான். பெனிஷாவோ கிராப் சென்சார்தான் வேண்டும் என்றாள். சென்சார் சிறியது, அதனால் அதே லென்ஸில் நடுப்பகுதி மட்டும் பதிவாகும், தூரத்துப் பறவை படத்தில் பெரிதாகத் தெரியும் என்பது அவள் கட்சி. வாரக்கணக்கில் சாப்பாட்டு மேசையில் இதே பேச்சு.

அப்போதுதான் அந்தப் பறவை வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்த பெனிஷா, "அத்தான்! காலைப் பாருங்க, காலை!" என்று கத்தினாள். சேற்றுத் திட்டில் பட்டைவால் மூக்கன் என்கிற நீள அலகுப் பறவை ஒன்று. அதன் காலில் மஞ்சள் பட்டை, பட்டையில் ஏதோ எழுத்துகள். எங்கோ வடக்கே யாரோ கட்டி அனுப்பிய அடையாளம் அது. எழுத்தைப் படித்து, கட்டியவர்களுக்கு எழுதி அனுப்பினால் அந்தப் பறவை எந்தக் கரையிலிருந்து பறந்து வந்தது என்று தெரிந்துவிடும்! பைனாகுலரில் மூன்று எழுத்து என்பது வரைக்கும்தான் தெரிந்தது.

கேமராக்கடை சுபாகர் அவர்களுக்கு நண்பர். இரண்டு கேமராவையும் மறுநாள் காலைப்பொழுதுக்குக் கொடுத்து, வேடிக்கை பார்க்கத் தானும் கூடவே வந்துவிட்டார். இரண்டிலும் பிக்சல் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அவர்களிடம் நீள லென்ஸ் இருந்தது ஒன்றே ஒன்று. மாற்றி மாற்றித்தான் பொருத்த வேண்டும். போகிற வழியில் சஜின் ஒரு பந்தயம் கட்டினான்.

"மூணு எழுத்தையும் யாரு முதல்ல சரியா படிக்காங்களோ, அவங்க சொல்லுக கேமராவ வாங்குவோம். சம்மதமா?"

"சம்மதம். பொறவு மாத்திப் பேசப்பிடாது," என்றாள் பெனிஷா.

முதல் முறையை சஜினே கேட்டு வாங்கிக்கொண்டான். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில்தான் தன் கேமராவின் அருமை தெரியும் என்று அவனுக்கு நம்பிக்கை. அதே திட்டில் ஒரு கூட்டத்தோடு மஞ்சள் பட்டைப் பறவையும் நின்றது. கரையை விட்டு இறங்கினால் கூட்டம் முழுவதும் பறந்துவிடும். ஆகவே கரையிலேயே குப்புறப் படுத்து எடுத்தான். படம் கண்ணாடி மாதிரி சுத்தம். ஆனால் ஃபிரேம் முழுக்கச் சேறு, நடுவில் விரல்நகம் அளவுக்குப் பறவை. வெட்டி வெட்டிப் பெரிதாக்கினான். 'ஏ' தெரிந்தது. மற்ற இரண்டும் வெறும் தீற்றல்.

லென்ஸ் கைமாறியது. அதற்குள் சூரியன் நன்றாக மேலே வந்திருந்தது. கடல் ஓதம் ஏறி, தண்ணீர் உயர்ந்து திட்டுச் சுருங்கியதால் பறவைகளும் கரைப்பக்கம் கொஞ்சம் ஒதுங்கியிருந்தன. பெனிஷா மூச்சைப் பிடித்துக்கொண்டு தொடர்ச்சியாகச் சில படங்கள் எடுத்தாள். முதல் படத்தைத் திரையில் பெரிதாக்கியதும் துள்ளிக் குதித்தாள்.

"ஏ, எக்ஸ், சி! ஏ, எக்ஸ், சி! கேமரா எனக்கு!"

சுபாகர் கை தட்டினார். சஜின் மட்டும் திரையைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்தான்.

"பெனி, இது சி இல்ல. உள்ள ஒரு சின்னக் கோடு இருக்கு. ஜி!"

"சேறுதான் ஒட்டியிருக்கு!"

"அடுத்த படத்தைத் தள்ளு."

தள்ளினாள். கால் கொஞ்சம் திரும்பியிருந்தது. வெயில் நேராகப் பட்டையில் விழுந்திருந்தது. சந்தேகமே இல்லை, ஜி. மூன்று பேரும் ஒருசேரக் கத்திய கத்தலில் திட்டிலிருந்த கூட்டம் மொத்தமும் எழும்பிப் பறந்தது!

சந்தோஷம் கொஞ்சம் அடங்கியதும் வழக்கு தொடங்கியது.

"படிச்சவன் நான். நான் சொல்லுகதுதான் கேமரா," என்றான் சஜின்.

"எடுத்தது நான், என் கேமராவுல. நான் எடுக்காம நீங்க எதைப் படிச்சிய?" என்றாள் பெனிஷா.

"பந்தயமே செல்லாது," என்றார் சுபாகர். "ஒருத்தருக்கு இருட்டு, ஒருத்தருக்கு வெயில். பறவையும் பக்கத்துல வந்துட்டு. இதுல எந்தக் கேமரா ஜெயிச்சதுன்னு எப்படிச் சொல்லுகது?"

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மூவரில் யார் பேச்சு நியாயம்? கேமராவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு? அவர் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

விடை: உரிமை சஜினுக்கே. பந்தயம் படம் எடுப்பதற்கு இல்லை, சரியாகப் படிப்பதற்கு. 'சி' என்று எழுதி அனுப்பியிருந்தால் இதன் பயணம் வேறொரு பறவையின் கணக்கில் ஏறியிருக்கும். சுபாகர் சொன்னதும் உண்மை. ஆனால் கேமராக்களைச் சமமாகச் சோதிப்பதாக யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் அவன் தேர்ந்தெடுக்க வேண்டியது கிராப் சென்சாரை. அதற்கு சஜினின் படமே சாட்சி. இருப்பது ஒரு லென்ஸ், பறவையின் அருகே போகவும் கூடாது. அப்படியிருக்க, பெரிய சென்சாரில் பதிந்ததில் பெரும்பகுதியை அவனே வெட்டி எறிய வேண்டியிருந்தது. வெட்டிய பிறகு பறவைக்கு மிஞ்சிய பிக்சல் குறைவு, சுத்தம் என்ற சிறப்பும் அதோடு கரைந்துபோகிறது. சஜினுக்கும் அது புரிந்துவிட்டது. கடையில் ஃபுல் ஃபிரேமை அவன் கையாலேயே திருப்பிக் கொடுத்தான். வருத்தமே இல்லை என்று பெனிஷாவிடம் சொன்னான். அவள் நம்பவில்லை, நம்பாமலே அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.