லார்ச் மரம் மொட்டையான கதை

அந்தக் காலத்தில், அதாவது மாடும் மரமும் காற்றும் மனிதரோடு வாய்க்கு வாய் பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஆல்ப்ஸ் மலையில் சுர்மோன் என்று ஓர் ஊர் இருந்தது. ஊர் என்ன பெரிய ஊர்! பதினோரு வீடு, ஒரு சின்ன தேவாலயம், அதில் ஒரு மணி. அவ்வளவுதான். கீழே எட்டிப் பார்த்தால் ஆற்றுப் பள்ளம், தலை கிறுகிறுக்கும். மேலே செங்குத்தான புல்வெளி, அதற்கு மேலே காடு, காட்டுக்கும் மேலே பாறையும் பனியும். அந்தப் பனி ஒரு தும்மல் போட்டால் போதும், பதினோரு வீடும் பள்ளத்தில் கிடக்கும். நடுவில் நின்று அதைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்தக் காடுதான்.

இப்படி ஓர் இடத்தில் போய் யாராவது வீடு கட்டுவார்களா என்று கேட்பீர்கள். என்ன செய்வது? அவர்கள் கணவாய் தாண்டி மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தபோது, கீழே நல்ல நிலத்தையெல்லாம் முன்னால் வந்தவர்கள் வளைத்துப் போட்டுவிட்டார்கள். மிஞ்சியது இதுதான். வந்தவர்களும் சளைத்தவர்கள் இல்லை, ஒட்டிக்கொண்டார்கள்.

அங்கே வருஷத்தில் ஆறு மாதம் பனி. மாடு தொழுவத்தை விட்டு வெளியே வராது. கோடையில் அறுத்துக் காயவைத்த புல்தான் ஆறு மாதத்துக்கும் சாப்பாடு. அதனால் ஊரில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. இலையுதிர் காலத்தில் ஊர்த் தலைவர் ஜியோன் வீடு வீடாகப் போய், கொட்டகையில் இருக்கும் புல் போரைக் கையை விரித்து முழம் போட்டு அளப்பார். "உனக்கு இரண்டு மாடு, உனக்கு ஒரு மாடும் ஒரு கன்றும்" என்று சொல்லிவிடுவார். அதற்கு மேல் இருக்கிற மாட்டைக் கறிக்கு வெட்டிவிட வேண்டும். அழுதாலும் புரண்டாலும் அதில் மாற்றமில்லை.

பார்லா என்ற பெண்ணுக்கு ஒரே ஒரு பசு. பெயர் கிரீஷா. சாம்பல் நிறம், வாய் நீளம். புருஷன் போன பிறகு பார்லாவின் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தப் பசுவின் பாலால்தான். அந்த வருஷம் கிரீஷா இரட்டைக் கன்று போட்டது. இரண்டும் கிடாரி! பார்லாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் அவளிடம் இருந்த புல் ஒரு பசுவுக்கும் ஒரு கன்றுக்கும்தான் காணும்.

"எதை வெட்டப்போறே?" என்று கேட்டது கிரீஷா.

"எதையும் வெட்ட மாட்டேன். நீ வாயை மூடிக்கிட்டு அசை போடு."

என்ன செய்தாள் தெரியுமா? ஜியோன் வருவதற்கு முந்தின நாள், கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, புல்லை அள்ளி அள்ளி உதறினாள். பஞ்சு மாதிரி உப்பவைத்தாள். போர் கூரையைத் தொட்டது. மறுநாள் ஜியோன் வந்து முழம் போட்டுப் பார்த்துவிட்டு மூக்கில் விரல் வைத்தார். "அடேயப்பா! பார்லா, இரண்டு கன்றையும் வெச்சுக்கோ!"

பார்லா சிரித்தாள். பசு சிரிக்கவில்லை. "ஜியோன் அளந்தா நம்புவார். என் வயிறு நம்பாது பார்லா."

அப்படியேதான் ஆயிற்று. மார்ச் மாதம் பாதிகூட ஆகவில்லை, கொட்டகையில் தரை தெரிந்தது. வெளியிலோ முழங்கால் பனி. அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வித்தை தெரியும்: அடுப்புச் சாம்பலையும் நிலவறை மண்ணையும் புல்வெளிப் பனிமேல் தூவுவார்கள். கறுப்பு பட்ட இடத்தில் வெயில் உறைக்கும், பனி சீக்கிரம் இளகும், பத்து நாள் முன்னாலேயே புல் தலை காட்டும். பார்லா வீட்டில் இருந்த சாம்பலையெல்லாம் சுமந்து போய்த் தூவினாள். மூன்றாம் நாள் புதுப்பனி கொட்டி எல்லாவற்றையும் மூடிவிட்டது. பாவி, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

அக்கம்பக்கத்தில் ஒரு கை புல் கேட்கலாம்தான். கேட்டால் என்ன சொல்வாள்? கூரை தொட்ட போர் எங்கே போயிற்று என்பார்களே!

அன்று காலை கிரீஷாவால் எழுந்திருக்க முடியவில்லை. கன்றுகள் அதன் காலி மடியை முட்டிக்கொண்டிருந்தன. "பார்லா," என்றது பசு மெல்ல. அதன் குரலில் கேலியே இல்லை. "கன்னுங்களைப் பார்த்துக்கோ."

அந்தக் கேலி இல்லாத குரலைத்தான் பார்லாவால் தாங்க முடியவில்லை. கோடரியை எடுத்துக்கொண்டு காட்டுக்கு ஏறினாள். பச்சைக் கிளையாவது வெட்டி வந்து போடலாம் என்ற நினைப்பு. மூச்சிரைக்க ஏறி, எதிரே முதலில் தென்பட்ட மரத்தில் கோடரியை ஓங்கினாள். அது லார்ச் மரம். அந்தக் காலத்தில் லார்ச்சும் பைனும் ஃபிரும் ஒன்றுபோலவே வருஷம் முழுக்கப் பச்சை ஊசியிலையோடு நிற்கும்.

"நிறுத்து, நிறுத்து! என்னை வெட்டினா மேல இருக்கிற பனியை யார் பிடிச்சுக்குவா? உன் மாமியாரா?" என்று கத்தியது லார்ச்.

"என் பசு சாகப்போகுது!"

"மத்த பத்து வீட்டிலும் புல் இருக்கு. உன் வீட்டில் மட்டும் ஏன் இல்லை? உண்மையைச் சொல்லு, பிறகு ஓங்கு."

பார்லா கோடரியைக் கீழே போட்டாள். பனியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். உதறியது, உப்பவைத்தது, ஜியோன் ஏமாந்தது, எல்லாம். பக்கத்தில் நின்ற பைன் மரம் "ச்சீ!" என்றது. ஃபிர் மரம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. லார்ச் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தது.

"உனக்குக் கிளை வேண்டாம். புல்வெளியில் பனி இளகணும், அவ்வளவுதானே? சாம்பல் போதலைன்னா என் ஊசியிலை இருக்கு. ஆனா என்னால உதிர்க்க முடியாது, கெட்டியா ஒட்டியிருக்கு. தெற்கத்திக் காற்றைத்தான் கூப்பிடணும்."

"ஐயோ, அதுவா! வேண்டாம்!"

பார்லா பதறியதில் நியாயம் இருந்தது. தெற்கத்திக் காற்று மலையைத் தாண்டி வந்தால் அனல் மாதிரி வரும். பனியைப் பார்த்தால் விடாது. மேலே இருக்கும் பனியில் அது கை வைத்தால் ஊரே இருக்காது. ஆனால் லார்ச் அதற்குள் குரல் கொடுத்துவிட்டது.

வந்துவிட்டதய்யா காற்று! வானம் ஒரு கணத்தில் நீலமாகத் துடைத்துவிட்ட மாதிரி ஆயிற்று. பார்லாவின் முக்காடு பறந்தது. உச்சியில் "டம்" என்று ஒரு வெடிப்புச் சத்தம். பனிப்பாளத்தில் கோடு விழுந்தது.

"யார் கூப்பிட்டது?" என்று இரைந்தது காற்று. "ஆகா, எவ்வளவு பனி! முதல்ல அதை ஒரு வாய் பார்த்துட்டு வர்றேன்!"

"அதைத் தொடாதே!" லார்ச் உடம்பெல்லாம் குலுங்கக் கத்தியது. "இங்கே வா! என்னைப் பிடி. என் இலை முழுக்க உனக்கு. விளையாடு, வீசு, என்ன வேணும்னாலும் பண்ணு. பனிமேல மட்டும் கை வைக்காதே!"

காற்று தயங்கியது. இத்தனை வருஷமாக ஒரு மரமும் அதற்கு ஒற்றை இலைகூடக் கொடுத்ததில்லை. எல்லாம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முறைக்கும். "நிஜமாவா? முழுக்கவா?"

"முழுக்க."

"வருஷா வருஷம் தருவியா? ஒரு தடவை கொடுத்துட்டு ஏமாத்தக் கூடாது."

லார்ச் பார்லாவைப் பார்த்தது. "தர்றேன்," என்றது லார்ச். "ஆனா அடுத்த தடவையிலிருந்து பனி விழறதுக்கு முன்னாடியே வந்து வாங்கிக்கோ. வசந்தத்தில் இந்தச் சரிவுப் பக்கம் ஆட்டம் போடக் கூடாது."

"சரி!" என்றது காற்று. லார்ச் தன் பிடியை விட்டது.

அடடா, அந்தக் காட்சியைப் பார்த்திருக்க வேண்டும்! ஒரு மரமா, காட்டிலிருந்த லார்ச் அத்தனையும் முதல் மரத்தைப் பார்த்து ஒன்றன்பின் ஒன்றாகக் கையை விரித்தன. ஊசியிலை மழையாகக் கொட்டிற்று. காற்று அதைச் சுழற்றி அள்ளி, "ஹோ ஹோ" என்று கூத்தாடிக்கொண்டே புல்வெளி முழுக்க இறைத்தது. வெள்ளை வெளேர் என்றிருந்த சரிவு கண்ணெதிரே கறுத்துப்போயிற்று. உச்சியில் பனிப்பாளம் கோடு விழுந்தபடியே அசையாமல் நின்றது.

பார்லா விழுந்தடித்துக்கொண்டு இறங்கி, நேரே தேவாலயத்துக்கு ஓடி மணியை அடித்தாள். நெருப்புக்கும் பனிச்சரிவுக்கும் தவிர அந்த மணியை யாரும் தொட மாட்டார்கள். ஊரே வாளியோடும் மண்வெட்டியோடும் ஓடிவந்தது.

"எங்கே நெருப்பு?" என்றார் ஜியோன்.

"நெருப்பு இல்லை. நான் பொய் சொன்னேன்!" என்று கத்தினாள் பார்லா. "புல்லை உதறிக் காட்டி உங்களை ஏமாத்திட்டேன். என் பசு சாகக் கிடக்கு. புல்வெளியில் பனி இளகப்போகுது, மூணு நாள் போதும். மூணு நாளைக்கு மட்டும் ஆளுக்கு ஒரு கை புல் குடுங்க. அப்புறம் என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க!"

ஜியோனுக்கு முகம் சிவந்துவிட்டது. "முப்பது வருஷமா அளக்கிறேன், என்னையே..." என்று ஆரம்பித்தவர், நிறுத்திக்கொண்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "திட்டறதைச் சாவகாசமாத் திட்டிக்கலாம். போய்ப் புல்லைக் கொண்டாங்க! ஓடுங்க!"

மூன்று நாளும் வெயில் நெருப்பாகக் காய்ந்தது. ஊசியிலை பட்ட இடமெல்லாம் பனி குழி குழியாக இளகி, ஓடையாகக் கீழே இறங்கியது. நான்காம் நாள் காலை பச்சை தெரிந்தது! கிரீஷாவை நடத்திப்போக முடியாது. புல் இழுக்கும் சறுக்குவண்டியில் அதை ஏற்றி, ஊரே சேர்ந்து கயிறு பிடித்து மேட்டில் இழுத்தது. கன்றுகள் பின்னால் துள்ளின. முதல் வாய்ப் புல்லைக் கடித்து மென்றுவிட்டுப் பசு தலையைத் தூக்கிப் பார்த்தது. "மெதுவா இழுக்கத் தெரியாதா உங்களுக்கு? இடுப்பே போச்சு!" பார்லா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

அந்த இலையுதிர் காலத்திலிருந்து ஜியோன் புல் போர்மேல் ஏறி நன்றாக மிதித்த பிறகுதான் முழம் போட்டார். அது கிடக்கட்டும்.

ஏப்ரல் போயிற்று. லார்ச் மரங்கள் மட்டும் எலும்பாக நின்றன. பேச்சும் இல்லை. பார்லா தினம் ஏறிப் போய்ப் பார்த்தாள். "எனக்கு ஏதாவது பதில் சொல்லேன்" என்று கெஞ்சினாள். சத்தமே இல்லை. மே மாதம் ஆண்கள் ரம்பத்தோடு வந்தார்கள்.

"செத்த மரம், பார்லா. விட்டா மக்கிப்போகும். விறகுக்காவது ஆகட்டும்," என்றார் ஜியோன்.

பார்லா முதல் மரத்தைக் கையால் வளைத்துக்கொண்டு நின்றாள். "என் பசுவுக்காகச் செத்த மரம் இது. இதை வெட்டறதுன்னா என்னையும் சேர்த்து வெட்டுங்க!"

அவர்கள் விலக்கப் பார்த்தார்கள். அவள் கன்னத்தை மரப்பட்டையில் அழுத்திக்கொண்டாள். அப்போது அவள் காதோரம் யாரோ கொட்டாவி விட்டார்கள்.

"என்ன சத்தம் இங்கே? தூங்க விட மாட்டீங்களா?" என்றது லார்ச். "இலை இல்லாம எவ்வளவு லேசா இருந்தது தெரியுமா? தலையில் பனியே தங்கலை. நல்லாத் தூங்கிட்டேன்."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மொட்டைக் கிளை முழுக்கப் பொட்டுப் பொட்டாகப் பச்சை! குட்டிக் குட்டிக் கொத்து, தொட்டால் கன்றுக்குட்டியின் காது மாதிரி மெத்தென்று இருந்தது. ஜியோன் ரம்பத்தைக் கீழே போட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

இலையுதிர் காலம் வந்தது. காற்றும் வாக்குத் தவறாமல் வந்து நின்றது. தோழனுக்குக் கொடுப்பதை வெறும் பச்சையாகக் கொடுப்பானேன் என்று லார்ச் தன் இலையையெல்லாம் பொன்னாக்கி வைத்திருந்தது.

அன்று முதல்தான், பைனும் ஃபிரும் இறுக்கிப் பிடித்த பச்சையோடு குளிரில் நிற்கும்போது, லார்ச் மட்டும் பொன்னிறமாகி, இருப்பது அத்தனையையும் காற்றிடம் கொடுத்துவிட்டு, மொட்டையாகத் தூங்கப்போகிறது. அது செத்துவிட்டதென்று சுர்மோனில் ஒருவரும் சொல்வதில்லை.