சுண்ணாம்பு வட்டத்தில் ஒரு முகூர்த்தம்

சொக்கட்டான்பட்டிக்காரர்களை முட்டாள்கள் என்று சொல்பவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் என்றால் அப்படித்தான் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன், மற்றது உங்கள் பாடு.

அந்த ஊர்ப் பேரூராட்சியில் தப்புச் செய்தவரிடம் அபராதம் வாங்கும் பழக்கம் கிடையாது. அதற்குப் பதிலாக அலுவலக வாசலில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். மூன்றடி அகலம். தெருவில் துப்பியவர், குப்பை எறிந்தவர், யாராக இருந்தாலும் அதற்குள் போய் நிற்க வேண்டும். எவ்வளவு நேரம்? அடுத்த குற்றவாளி வரும்வரை. அவர் வந்தால் இவர் வீட்டுக்குப் போகலாம். குற்றவாளி அல்லாத யாரும் வட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. இன்னொன்று, மேஸ்திரி விசில் ஊதினால்தான் குற்றம் குற்றமாகும். இவ்வளவையும் பெயிண்டர் சுப்புராம் ஒரு பலகையில் அழகாக எழுதி வட்டத்துக்குப் பக்கத்தில் நட்டிருந்தார்.

மேஸ்திரி என்பது நம்ம பொன்னுரங்கம். தெருச் சுத்தத்தைக் கவனிக்கிற ஆள். காக்கிச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டிய விசில். நல்ல மனுஷன், ஆனால் தப்பைக் கண்டால் அவன் கை தானாக விசிலுக்குப் போய்விடும். முப்பத்தொன்பது வயதாகியும் கல்யாணம் ஆகாமல் போனதற்குக் காரணம் அந்தக் கைதான். பெண் பார்க்கப் போன வீட்டில் மாமனார் ஆகப்போகிறவர் கை கழுவிய தண்ணீரைத் தெருவில் கொட்டுவார். இவன் ஊதுவான். சம்பந்தம் போய்விடும். இப்படி எட்டு சம்பந்தம் போயிற்று.

ஒன்பதாவதாக வந்தவள் ஊத்துப்பட்டி தவமணி. அவள் வீட்டில் மாம்பழம் தின்ற அவளுடைய சித்தப்பா கொட்டையைத் தெருவில் வீச, இவன் ஊத, எல்லோரும் முகம் சுளித்தபோது அவள் மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டே பொன்னுரங்கம் ஒரு மாதம் தூங்காமல் கிடந்தான். ஆனி கடைசி வெள்ளிக்கிழமை, காலை ஆறிலிருந்து ஏழரை முகூர்த்தம். அதை விட்டால் ஆடி பிறந்துவிடும். "முகூர்த்தம் தவறுச்சுன்னா எங்க அக்கா மகன் தயாரா இருக்கான், சொல்லிப்புட்டேன்" என்று பெண்ணின் அப்பா முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

கெட்ட நேரம் புதன்கிழமை மத்தியானம் வந்தது. பேரூராட்சித் தலைவர் கோதண்டபாணி சாப்பாட்டுக்குப் பிறகு அலுவலகத்தில் கொஞ்சம் கண்ணயர்கிறவர். அதற்காக 'அலுவலக வாசலில் சத்தம் எழுப்புவது குற்றம்' என்று புதிதாக ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். சுப்புராம் அந்தப் பலகையையும் எழுதி நட்டுவிட்டு, சைக்கிளில் ஏறி, போகிற போக்கில் ஒரு மணி அடித்தார். கிணிங் என்று ஒரே ஒரு மணி.

பொன்னுரங்கம் பாய்ந்து வந்து ஊதினான். அந்த விசில் மூன்று தெரு தாண்டிக் கேட்டது. உள்ளே தலைவர் நாற்காலியோடு சாய்ந்து விழுந்தார்.

சுப்புராம் சைக்கிளை நிறுத்திவிட்டு மரியாதையாக வட்டத்துக்குள் போய் நின்றார். நின்றவர் பலகையைப் படித்தார். அவர் எழுதியதுதான், இருந்தாலும் இன்னொரு தரம் படித்தார்.

"ஏம்ப்பா மேஸ்திரி, நான் மணி அடிச்சது முதல்ல. நீ விசில் ஊதினது அதுக்கு அடுத்தாப்புல. அதுவும் சத்தம்தானே?"

பொன்னுரங்கம் யோசித்தான். அவன் நேர்மையில் யாரும் குறை சொல்ல முடியாது. "ஆமாண்ணே. அடுத்த குற்றவாளி நான்தான். நீங்க வெளியே வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் நின்றுகொண்டான். நின்ற பிறகுதான் வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது.

விஷயம் பரவி ஊர் கூடிவிட்டது. வாசலில் சத்தம் போடக் கூடாது என்பதால் அத்தனை பேரும் கிசுகிசுவென்றே பேசினார்கள். தூரத்தில் இருந்து பார்த்தவர்கள் ஏதோ துக்கம் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள்.

"அடுத்த குற்றவாளி வந்தா மாப்பிள்ளை வெளியே வந்துடலாம்ல? வேற ஆள் எதுக்கு? அவரே இன்னொரு தப்பு செய்யட்டும்" என்று கிசுகிசுத்தார் டீக்கடை மாயழகு. ஊரிலேயே கூர்மையான ஆள் என்று பேர் எடுத்தவர்.

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. பொன்னுரங்கம் வட்டத்துக்கு வெளியே எட்டித் துப்பினான். தன்னைப் பார்த்துத் தானே ஊதினான். பழைய குற்றவாளி பொன்னுரங்கம் வெளியே வந்தான். மாயழகு அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு புதுக் குற்றவாளி பொன்னுரங்கம் உள்ளே போனான். மாயழகு அவனுக்கு ஆறுதல் சொன்னார்.

"இது சரிப்படலையே" என்றார் தலைவர், சற்று நேரம் கழித்து.

"அப்போ நான் துப்புறேன் தலைவரே. நல்ல காரியத்துக்குத்தானே. ஆனா உங்க அனுமதி வேணும்" என்றார் மாயழகு.

தலைவர் மனமுவந்து அனுமதி கொடுத்தார். எழுத்து மூலமாக, முத்திரை குத்தி. மாயழகு தெரு நடுவில் நின்று ஊரே பார்க்கத் துப்பினார். எல்லோரும் கையை மட்டும் அசைத்து, சத்தம் வராமல் தட்டினார்கள். பொன்னுரங்கம் விசிலை வாயில் வைத்தவன் எடுத்துவிட்டான்.

"அனுமதி வாங்கித் துப்பினா அது எப்படிண்ணே குற்றம்?"

தலைவர் தன் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். முத்திரை சரியாகத்தான் இருந்தது. எச்சில் முழுக்கச் சட்டப்படியானது என்று ஒத்துக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை.

சரி என்று அனுமதியைக் கிழித்துப் போடச் சொன்னார்கள். மாயழகு கடிதத்தைக் கிழித்துத் தெருவில் வீசினார். குப்பை எறிதல், சுத்தமான குற்றம். பொன்னுரங்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஓங்கி ஊதினான். மாயழகு வட்டத்துக்குள் வந்தார், பொன்னுரங்கம் வெளியே காலை வைத்தான். வைத்த காலை அப்படியே நிறுத்தினான்.

"அண்ணே, நான் ஊதினது இங்கே, அலுவலக வாசல்ல."

"ஆமா."

"நீங்க எறிஞ்சதுக்கு அப்புறம்."

"ஆமால்ல" என்று மாயழகு வெளியே வந்துவிட்டார். பொன்னுரங்கம் திரும்ப உள்ளே போனான். விசில் ஊதாவிட்டால் குற்றம் இல்லை, ஊதினால் குற்றவாளி அவன்தான். அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. இருந்தாலும் சோதித்துப் பார்ப்பது நல்லது என்று வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் நாற்பத்தொரு பேர் வட்டத்துக்குள் போய்விட்டு வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அதேதான் நடந்தது.

"சத்தப் பலகையைப் பிடுங்கிட்டா?" என்று கேட்டார் சுப்புராம்.

"பலகையைப் பிடுங்குறது பதினேழாம் விதிப்படி குற்றம்" என்றார் தலைவர். "யாராவது பிடுங்கினா மேஸ்திரி ஊத வேண்டியிருக்கும்." ஊதினால் என்ன ஆகும் என்று இப்போது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பொன்னுரங்கம் நின்றுகொண்டே இருந்தான். கால் வலித்தது, அது பரவாயில்லை. அந்தச் சிரிப்பு அக்கா மகன் வீட்டுக்குப் போய்விடுமே என்று நினைத்தபோதுதான் அவனுக்கு அழுகை வந்தது. அதையும் சத்தமில்லாமல் அழ வேண்டியிருந்தது.

கடைசியில் தலைவர்தான் வழி கண்டுபிடித்தார். "மாப்பிள்ளை கல்யாணத்துக்குப் போக முடியாது. சரி. கல்யாணம் மாப்பிள்ளைகிட்ட வரலாம்ல?"

வெள்ளிக்கிழமை காலை வட்டத்தைச் சுற்றிப் பந்தல் போட்டார்கள். பக்கத்துச் சந்தைக் கொட்டகையில் நானூறு பேருக்குச் சமையல் நடந்தது. காக்கிச் சட்டைக்கு மேல் மாலை போட்டுக்கொண்டு பொன்னுரங்கம் வட்டத்துக்குள் நின்றான். தவமணி பட்டுச்சேலையில் வந்து கோட்டுக்கு வெளியே நின்றாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பொன்னுரங்கத்துக்கு உயிர் வந்தது.

"கை வெளியே போகலாமா?" என்று புரோகிதர் கிசுகிசுத்தார்.

"பலகையில காலைப் பத்தித்தான் போட்டிருக்கு. கை எங்கே வேணாலும் போகட்டும்" என்றார் தலைவர்.

மந்திரம் கிசுகிசுப்பாக நடந்தது. மேளக்காரர்களிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பவைத்து, கண்ணை மூடி, தலையை ஆட்டி, ஒரு பொட்டுச் சத்தம் இல்லாமல் ஊதினார். தவில்காரர் தோலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் காற்றை அடித்தார். தலைவர் அதற்குத் தாளம் போட்டார், ஒரு இடத்தில் தாளம் தப்பியதாகவும் குறை சொன்னார். புரோகிதர் விரலை உயர்த்தியதும் கெட்டிமேளம். பொன்னுரங்கம் கையை நீட்டி மூன்று முடிச்சையும் போட்டான்.

"இனிமே நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர்" என்று புரோகிதர் வாழ்த்தினார்.

அந்த நேரத்தில்தான் நானூறு பேரும் அட்சதை போட்டார்கள். சமையல்காரர்கள் கரண்டியோடு ஓடிவந்து போட்டார்கள். கைக்குழந்தைகளின் கையிலும் நாலு அரிசியைத் திணித்துப் போடவைத்தார்கள். மஞ்சள் அரிசி தெரு முழுக்கச் சிதறியது.

பொன்னுரங்கத்தின் கை விசிலுக்குப் போனது. தெருவில் பொருள் எறிதல், நானூறு பேர், ஒரே சமயத்தில்! இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு நாள் வாய்த்ததில்லை. ஆனால் ஊதினால்? விசிலை வாயருகே வைத்தபடி மனைவியைப் பார்த்தான்.

"மேளக்காரங்க ஊதின மாதிரி ஊதுங்களேன்" என்றாள் தவமணி, காதருகே.

அவன் கன்னத்தை உப்பவைத்து, கண்ணை மூடி, சத்தமே இல்லாமல் நீளமாக ஊதினான்.

"இது செல்லுமா?" என்று கேட்டார் மாயழகு.

தலைவர் மேளக்காரர்களைக் கைகாட்டினார். "சத்தமில்லாத மேளத்தை மேளம்னு ஒத்துக்கிட்டுத்தானே தாலி கட்டவிட்டோம்? சத்தமில்லாத விசில் விசில் இல்லேன்னா, இந்தக் கல்யாணமும் கல்யாணம் இல்லே. செல்லும். நாம எல்லாரும் குற்றவாளிதான்."

ஊரே பெருமூச்சு விட்டது. பொன்னுரங்கம் இரண்டு நாளைக்குப் பிறகு வெளியே காலை வைத்தான். நானூறு குற்றவாளிகள் உள்ளே போக வரிசையில் நின்றார்கள். ஏழு பேர் போனதும் வட்டம் நிறைந்துவிட்டது.

"ஒருத்தருக்கு ஒரு வட்டம் அளவு இடம் கொடுத்தாத்தான் நியாயம்" என்றார் எட்டாவதாக நின்றவர். நியாயம்தான். வட்டத்தைப் பெரிதாக்க வேண்டும், அதைக் குற்றவாளிகள் செய்யக் கூடாது. குற்றவாளி அல்லாதவர்கள் ஊரில் இரண்டே பேர். எனவே தவமணி சுண்ணாம்புக் கூடையைத் தூக்க, பொன்னுரங்கம் கோடு போட்டான். போட்டதில் எல்லோரும் புகுந்தார்கள், இடிபட்டார்கள். இன்னும் கொஞ்சம் பின்னால் போய்ப் போட்டான். அதுவும் போதவில்லை. அலுவலகம் உள்ளே போயிற்று, சந்தைக் கொட்டகை போயிற்று, கோயில், குளம், பள்ளிக்கூடம் எல்லாம் போயிற்று. ஊர் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் கோட்டின் இரண்டு முனையும் சேர்ந்தபோது, மொத்தச் சொக்கட்டான்பட்டியும் வட்டத்துக்குள் தண்டனையில் இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் வெளியே நின்றார்கள்.

"வாங்க, சாப்பிடலாம்" என்றாள் தவமணி. காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. சந்தைக் கொட்டகையிலிருந்து சாம்பார் வாசனை எல்லைவரை வந்தது.

"எப்படிப் போறது? குற்றவாளி தவிர வேற யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது" என்றான் பொன்னுரங்கம்.

தவமணி அவனைப் பார்த்தாள். வட்டத்தைப் பார்த்தாள். பிறகு காலிக் கூடையைத் தூக்கி நடுத்தெருவில் வீசினாள்.

பொன்னுரங்கத்தின் கை எழுந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாதி வழியில் நின்றது. எட்டு சம்பந்தத்தைப் போக்கடித்த கை, ஒன்பதாவதை இழக்க மனம் வராமல் திரும்பக் கீழே இறங்கியது.

"பரவாயில்லே, ஊதுங்க. இது அலுவலக வாசல் இல்லையே" என்றாள் அவள்.

அவன் ஊதினான். அடுத்த குற்றவாளி வந்துவிட்டதால் நானூறு பேருக்கும் விடுதலை. அவர்கள் சட்டத்தை மதிப்பவர்கள், தள்ளுமுள்ளு இல்லாமல் வரிசையாகக் கோட்டைத் தாண்டி வெளியே வந்து நின்றார்கள். தவமணி உள்ளே போனாள். நாலடி நடந்து திரும்பி, புருஷனைக் கையசைத்துக் கூப்பிட்டாள். பொன்னுரங்கம் தலைவரைப் பார்த்தான்.

"இனிமே ரெண்டு பேரும் ஒருத்தர்னு புரோகிதரே சொல்லிட்டாரு. தண்டனையும் சேர்த்துத்தான். போப்பா, தைரியமாப் போ" என்று தலைவர் அவன் முதுகில் தட்டி அனுப்பினார்.

சந்தைக் கொட்டகையில் நானூறு இலை போட்டிருந்தது. பாயசம் கொதித்தபடி இருந்தது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்கள். தவமணி ஏதோ சொல்லி வாய்விட்டுச் சிரிப்பது எல்லைக் கல்வரை கேட்டது. கோட்டுக்கு வெளியே ஊரே நின்று அதைப் பார்த்தது.

"பாவம்யா" என்றார் தலைவர், கண் கலங்கி. "நானூறு இலை. ரெண்டே பேரு."

"ரெண்டு பேர் ஏது தலைவரே? ஒருத்தர்தானே" என்றார் மாயழகு.

"அட ஆமா, இன்னும் கொடுமை." தலைவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜனங்கள் பக்கம் திரும்பினார். "பார்த்தீங்கல்ல? இந்தக் கதி நமக்கு வரக் கூடாது. ஜாக்கிரதை, ஒருத்தரும் கீழே துப்பிடாதீங்க!"

சாம்பார் வாசனை இன்னொரு தடவை காற்றில் வந்தது. நானூறு பேரும் எச்சிலை விழுங்கினார்கள்.