இடுப்பெலும்பு

"வேற எந்த எலும்போடயும் சேராத எலும்ப என்னத்துக்கு டீச்சர் தேடணும்?"

கேட்டவர் தொம்மை. வயது அறுபத்திரண்டு. நாற்பது வருடம் திமிங்கிலத்தை மீன் என்றே நம்பிக் கடலுக்குப் போனவர். இப்போது கடற்கரைக் கொட்டகையில் பத்மாசினி டீச்சரிடம் எலும்பு சுத்தம் பண்ணக் கற்றுக்கொள்கிறார். டீச்சருக்கு அவர் மகள் வயதுதான்.

கரையொதுங்கிச் செத்த திமிங்கிலம் அது. ஒரு வருடம் மணலில் புதைத்துவைத்துத் தோண்டி எடுத்திருந்தார்கள். தொம்மை தலையிலிருந்து வால்வரை அடுக்கி முடித்திருந்தார். இரண்டு எலும்புகள் குறைந்தன.

"சதைக்குள்ள தனியா ரெண்டு கெடந்துச்சு. அது இதோடது இல்லன்னு குழியில தள்ளிட்டேன்."

"அதுதான் இடுப்பெலும்பு, அண்ணாச்சி."

"காலே இல்லாததுக்கு இடுப்பா?"

"கால் இருந்துச்சு. அஞ்சு கோடி வருசத்துக்கு முந்தி இதோட முன்னோர் கரையில நடந்தவங்க. பல்லும் இருந்துச்சு. இன்னைக்கும் தாய் வயித்துல பல் முளைக்கும். பிறக்குமுன்னே கரைஞ்சிரும். அப்புறம் வாயில சல்லடைதான். கடல அள்ளி வடிகட்டி, இத்துனூண்டு சென்னாக்குனி இறாலத் தின்னே இம்புட்டு பெருசாகும்."

தொம்மை அடுக்கிய எலும்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வேறொரு நாளாக இருந்தால் ஒன்பது கேள்வி கேட்டு வேலையைக் கெடுத்திருப்பார்.

காலையில் அவர் தம்பி வந்து கொட்டகை வாசலில் அழுதுவிட்டுப் போயிருந்தார். தொம்மையின் ஒரே மகன் ஜெரோம் நெஞ்சுவலியில் இறந்துவிட்டான். நாலு மணிக்குச் சவப்பெட்டியை மூடிவிடுவார்கள்.

"நீங்க போகலையா?" என்றார் டீச்சர்.

"பெத்த அம்மை செத்தப்ப மொகம் பாக்க வராதவன். பொதச்ச மறுநாள் வந்து நிக்கான். பதினோரு வருசமாச்சு. அவனுக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

டீச்சர் வற்புறுத்தவில்லை. மண்வெட்டியை எடுத்து நீட்டினார்.

அழுகிய சதை நாறும் குழிக்குள் இறங்கி, தொம்மை வெட்டியும் கையால் துழாவியும் தேடினார். ஒரு எலும்பு உச்சிவெயிலில் கிடைத்தது. மற்றது கிடைக்க மூன்றரை ஆகிவிட்டது. இரண்டும் சாண் நீளம்தான்.

"எதுல கட்ட?"

"எதுலயும் கட்ட முடியாது. கம்பியில தொங்கவிடுங்க. இருந்த எடத்துலயே."

"இது இல்லாட்டா நீந்தாதா?"

"நீந்தும்."

"பொறவு?"

டீச்சர் இரண்டு எலும்பையும் வாங்கி, முதுகெலும்புக்குக் கீழே வெறும் காற்றில் பிடித்தார். பிடித்த கையை இறக்கவில்லை.

தொம்மை கம்பியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். ஒன்றைக் கட்டினார். மற்றதைக் கட்டும்போது மாதா கோயிலில் துக்க மணி அடிக்க ஆரம்பித்தது.

கம்பி முறுக்கிய கை நின்றது.

"மணி என்ன டீச்சர்?"

"மூணே முக்கால்."

தொம்மை உள்ளங்கையை முகர்ந்தார். வாய் கோணிக்கொண்டு அழுகை வந்துவிட்டது.

"நாறுதே டீச்சர். இந்தக் கையோட எம்புள்ள மொகத்த எப்படித் தொடுவேன்?"

"நாறட்டும். ஓடுங்க."