நாகமணியின் முழுப் பதிப்பு

பவானியில் ஒரு ஜமுக்காளக் கம்பெனி. அங்கே மேனேஜர் பொன்னுரங்கம் வைத்ததுதான் சட்டம். ஆறு மாசத்துக்கு மேல் யாரையும் தொடர்ந்து வைத்திருக்க மாட்டார், நிரந்தரம் கேட்டுவிடுவார்களாம். வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு மாசம் கழித்துப் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார். கம்ப்யூட்டரில் ஆர்டர் பதிகிற நாகமணியை இப்படி மூன்று தடவை அனுப்பியாயிற்று.

நாலாவது தடவை அனுப்புகிற அன்றைக்குக் கம்ப்யூட்டரும் மக்கர் பண்ணியது. அதில் போட்டிருந்த ஆர்டர் சாஃப்ட்வேரின் இலவசச் சோதனைப் பதிப்புக்கும் ஆறு மாசக் கெடு முடிந்திருந்தது. முழுப் பதிப்பு வாங்க முதலாளியம்மா விசாலாட்சியே வந்துவிட்டார்.

"எதுக்குங்க வாங்கோணும்?" என்றாள் நாகமணி பவ்யமாக. "எல்லாத்தையும் அழிச்சுட்டு, மறுபடி சோதனையே போட்டுரலாமுங்க."

பொன்னுரங்கம் எகிறினார். "கிறுக்குப் புள்ள! ஆறு மாசமா ஏத்துன டிசைன், பார்ட்டி விலாசம் அத்தனையும் போயிருமே! காசு கட்டி வாங்குற புது நம்பரை அடிச்சா அப்படியே முழுசா மாறிக்கும். பழகுனதை எவனாச்சும் அழிப்பானா?"

"எனக்கும் இன்னைக்கு ஆறு மாசமுங்க. எந்த டிசைன் எந்த ஊருக்குப் போகும்னு எனக்கும் அத்துப்படிங்க. என்னைய மட்டும் எதுக்குங்க அழிச்சு அழிச்சுப் போடறீங்க?"



முதலாளியம்மா மேனேஜர் பக்கம் திரும்பினார். "இவங்கெல்லாம் தானா நின்னுக்கறாங்கன்னு சொன்னீங்களே! ரெண்டுக்கும் இன்னைக்கே கையெழுத்துப் போடறேன்."

புது நம்பரை அடித்ததும் கம்ப்யூட்டர் செய்த முதல் வேலை நாகமணியின் நியமனக் கடிதம். அவளேதான் அடித்தாள், 'நிரந்தரம்' என்பதை மட்டும் ரெண்டு மடங்கு பெரிய எழுத்தில்.